மூன்றாம் எண் மெழுகுக் கட்டி

சென்னை
12 நவம்பர் 2023

அன்புள்ள அத்தானுக்கு,

பிரின்ஸி எழுதுகிறேன். நான் நலம். இந்தக் குளிருக்கு உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பேத்துப்பாறையில் இப்போதே மூடுபனி இறங்கியிருக்கும். கோவிலுக்குப் போகும்போது காதைக் கட்டிக்கொண்டு போங்கள்.

கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இந்த வருடமும் வரவில்லை. நீங்கள் திட்டமாட்டீர்கள், அதுதான் உங்களிடம் இருக்கிற தொல்லை. அக்கா இருந்திருந்தால் மூச்சு விடாமல் திட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஒரு மூட்டை பீன்ஸ் அனுப்பியிருப்பாள்.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். ஒரு உதவி வேண்டும்.

சினைப்பைப் புற்றுநோயை அது தொடங்கும்போதே கண்டுபிடிக்கிற ஆராய்ச்சிக்காக நாங்கள் மத்திய அரசிடம் நிதி கேட்டு விண்ணப்பித்திருந்தோம் அல்லவா? இரண்டாவது தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “நோய் முற்றிய பிறகு எடுத்த திசுக்களை வைத்துக்கொண்டு அதன் தொடக்கத்தைப் பற்றி எப்படிச் சொல்வீர்கள்?” கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரிதான். நோய் தெரிவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே வேறு காரணத்துக்காக ஆபரேஷன் ஆகி, அந்தத் திசு பத்திரமாக இருக்கிற பெண்கள் எங்களுக்கு வேண்டும். குறைந்தது மூன்று பேராவது வேண்டும். நாடு முழுக்கத் தேடி இரண்டு பேர்தான் கிடைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது ஆள் நம் வீட்டிலேயே இருந்தாள். 2017இல் திண்டுக்கல்லில் அக்காவுக்கு நீர்க்கட்டி என்று வலது பக்கச் சினைப்பையையும் குழாயையும் எடுத்தார்களே, அதை மெழுகில் பதித்துத் தபால்தலை அளவுக் கட்டியாக வைத்திருப்பார்கள். அதிலிருந்து சீவிய கண்ணாடித் தகடு ஒன்றை நீங்கள் என்னிடம் கொண்டுவந்தீர்கள். நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன், நினைவிருக்கும். அந்த மெழுகுக் கட்டியை 2021இலேயே உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள்.

அது வீட்டில்தான் இருக்கும். தேடி எடுத்துவைப்பீர்களா? விண்ணப்பத்துக்குப் பிப்ரவரி இருபத்தொன்பது கடைசி நாள்.

ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.
பிரின்ஸி

*

பேத்துப்பாறை
20 டிசம்பர் 2023

மரியே வாழ்க!

அன்புள்ள பிரின்ஸிக்கு மரியசூசை எழுதும் கடிதம். இங்கு நான் சுகம், உன் சுகத்துக்கு மாதாவை வேண்டுகிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. திருவருகைக் காலம் வந்தாலே உபதேசியார் வேலை பார்க்கிற எனக்குக் கோவிலில் சோலி அதிகம். குடில் கட்ட வேண்டும், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். போன வாரம் காட்டெருமை இரண்டு வந்து பூண்டுப் பாத்தியை மிதித்துவிட்டுப் போய்விட்டன. கோவில் கூரையில் இரண்டு தகரம் பறந்து, பூசை நேரத்தில் பங்குச்சாமி தலையிலேயே ஒழுகியது. உறைபனி இன்னும் விழவில்லை, விழுந்தால் பீன்ஸ் கருகிவிடும்.

உன் அக்கா அடைக்கலம் வைத்த பேரிக்காய் மரத்தில் முசுறு எறும்பு ஏறிக் கிடக்கிறது. சாம்பல் தூவினேன்.

பண்டிகைக்கு நீ வரமாட்டாய் என்று தெரியும். முடிந்தால் வா. வேளாவேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன் நலம் விரும்பும்
மரியசூசை

*

சென்னை
2 ஜனவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் நன்றாக இருக்கிறேன். காட்டெருமை, தகரம், எறும்பு எல்லாவற்றையும் பற்றி எழுதினீர்கள். நான் கேட்டதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. மறந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே எங்கள் பாட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். விண்ணப்பம் எழுபது பக்கம். இயக்குநரிடம் ஒரு கையெழுத்து, நெறிமுறைக் குழுவிடம் ஒரு கையெழுத்து. குளிர்பதனப் பெட்டி வாங்க மூன்று கடைகளில் விலைப்பட்டியல். என்னோடு வேலை பார்க்கும் சுசித்ரா அந்தப் பட்டியலுக்காக அலைந்து ஒரு ஜோடி செருப்பைத் தேய்த்துவிட்டாள். கடைசியில் ஒரு பத்தி எழுத வேண்டும்: இந்த ஆராய்ச்சியால் சாதாரண மனிதருக்கு என்ன பயன், எளிய மொழியில், முந்நூறு சொற்களுக்குள். அந்தப் பத்தியில்தான் நான்கு நாளாகச் சிக்கிக்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் அக்கா முகம் வருகிறது. வாய்வுக்கோளாறு என்று எட்டு மாதம் இஞ்சிச் சாறு குடித்தாளே.

சம்மதப் படிவம் இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். ‘இறந்தவருக்கு உறவு’ என்ற இடத்தில் கணவர் என்று எழுதுங்கள். சொந்தக்காரியின் திசு என்பதால் நான் தொடக் கூடாது, சுசித்ராதான் எண் போட்டு வைத்துப் பார்ப்பாள். விதி அப்படி.

மூட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.
பிரின்ஸி

*

பேத்துப்பாறை
18 ஜனவரி 2024

மரியே வாழ்க!

அன்புள்ள பிரின்ஸிக்கு,

தைலம் வந்தது. சுகம்.

பீரோ, பரண், அடைக்கலத்தின் பெட்டி எல்லாம் பார்த்தேன். நீ கேட்டது கிடைக்கவில்லை. அது இல்லாமல் அரசாங்கம் பணம் தராதா? அது கிடைத்தால் அதில் என்னதான் பார்ப்பீர்கள்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

மரியசூசை

*

சென்னை
25 ஜனவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. பரவாயில்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீடு மாற்றி, வெள்ளை அடித்து, எத்தனை நடந்திருக்கிறது.

கேட்டதற்குச் சொல்கிறேன். இந்த நோய் சினைப்பையில் தெரியவந்தாலும், பல பேருக்கு அதை ஒட்டிய குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியாகத் தொடங்கி, ஐந்தாறு வருடம் வலியே இல்லாமல் இருக்கும். வயிறு உப்பி டாக்டரிடம் போகும்போது காலம் கடந்திருக்கும். அந்தப் புள்ளியாக இருக்கும்போதே அது ரத்தத்தில் ஏதாவது தடயம் விடுகிறதா என்று தேடுவதுதான் எங்கள் திட்டம். என்ன தடயம் என்று தெரிய, முதலில் அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். யாரிடமும் அது இல்லை. அந்த நேரத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லையே.

மூன்றாவது ஆள் இல்லாமலே அனுப்பிவிடுகிறோம். மறுபடி திருப்பித்தான் அனுப்புவார்கள். ஜூலையோடு சுசித்ராவுக்கு வேலை முடிகிறது. ஆய்வகத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை.

பிரின்ஸி

*

பேத்துப்பாறை
6 பிப்ரவரி 2024

மரியே வாழ்க!

அன்புள்ள பிரின்ஸிக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிறேன்.

பொய் சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிறவன் காகிதத்தில் பொய் எழுதினேன். மூன்று ஞாயிறாக நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை.

அது தொலையவில்லை. அடைக்கலத்தின் கல்லறையில் இருக்கிறது. 2022 கல்லறைத் திருநாளன்று, எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போன பிறகு, தலைமாட்டில் ஒரு முழம் தோண்டிப் புதைத்தேன். பால்வாடி வேலைக்கு அவள் சோறு கொண்டுபோவாளே, அந்த எவர்சில்வர் டப்பா. அதில் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். கடைசி நாளில் எழும்போது உடம்பு முழுசாக இருக்க வேண்டும் என்று எங்கள் அப்பா காலத்திலேயே சொல்வார்கள். விரல் துண்டானால்கூட எடுத்துவைத்து, ஆள் போகும்போது சேர்த்துப் புதைப்பார்கள். சாமியார் அதெல்லாம் வேண்டாம் என்கிறார், எனக்கும் தெரியும். ஆனாலும் அவளில் ஒரு பங்கு ஒரு ஊரிலும் மீதி ஒரு ஊரிலும் கிடக்க எனக்கு மனசு வரவில்லை.

நீ தோண்டச் சொன்னால் தோண்டுகிறேன்.

மரியசூசை

*

சென்னை
10 பிப்ரவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

தோண்ட வேண்டாம். உங்களை அப்படிக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அக்காவைப் பதினேழு வருடம் பார்த்துக்கொண்டவர் நீங்கள். நான் ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு, கடைசிப் பத்து நாளைக்கு வந்து அழுதவள்.

உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். அந்த டப்பா அங்கேயே இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு நற்கருணை வாங்குங்கள்.
பிரின்ஸி

*

பேத்துப்பாறை
16 பிப்ரவரி 2024

மரியே வாழ்க!

அன்புள்ள பிரின்ஸிக்கு,

சாம்பல் புதனன்று உன் கடிதம் வந்தது. நேற்று வெள்ளனே போய்த் தோண்டிவிட்டேன். அதற்கு முந்தின நாள், நெற்றியில் சாம்பல் பூச வந்த சாமியாரிடம் கேட்டேன். “உபதேசியாரே, அவங்க இருந்தா குடுத்திருப்பாங்களா மாட்டாங்களா, அத மட்டும் நெனச்சுப் பாருங்க” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். இன்னொன்றும் நடந்தது. கீழ்த் தெரு முருகேஸ்வரியை உனக்குத் தெரியும், கேரட் கழுவும் கூலிக்குப் போகிறவள். போன வாரம் வீட்டுக்கு வந்து, “அண்ணே, அடைக்கலக்கா இஞ்சிச் சாறு குடிப்பாங்கள்ல, எப்பிடிப் போடணும்? ரெண்டு மாசமா வயிறு உப்பிக் கெடக்கு, சோறு எறங்கல” என்று கேட்டாள். கிறுக்கச்சி, சாறும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வெரசா கிளம்பு என்று திட்டி, மறுநாளே மதுரைக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தேன்.

டப்பா மேலாகத்தான் இருந்தது. அவளைத் தொடவில்லை, பயப்படாதே. தண்ணீர் உள்ளே போகவில்லை. டப்பாவோடு அப்படியே அனுப்புகிறேன். படிவத்தில் கணவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குழியை இன்னும் மூடவில்லை, ஒரு பலகை போட்டு வைத்திருக்கிறேன்.

பிரின்ஸி, அதை நீ பார்க்காதே. விதிப்படி அந்தப் பிள்ளை சுசித்ராவே பார்க்கட்டும்.

மரியசூசை

*

சென்னை
4 மார்ச் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

டப்பா வந்து சேர்ந்தது. மெழுகு கெடாமல் இருந்தது. மூன்றாம் எண் போட்டு, விண்ணப்பத்தைக் கடைசி நாள் மாலை நாலே முக்காலுக்கு அனுப்பிவிட்டோம். மிகவும் உதவியாக இருந்தது, நன்றி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
பிரின்ஸி

*

பேத்துப்பாறை
9 ஜூன் 2024

மரியே வாழ்க!

அன்புள்ள பிரின்ஸிக்கு,

சுகமாக இருக்கிறாயா? ஈஸ்டருக்கு எழுதினேன், பதில் இல்லை. சிக்னல் கிடைக்கும் ரோட்டு வளைவுக்கு ஏறிப்போய் நின்று போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. மார்ச் மாதம் நீ எழுதிய கடிதத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். நன்றி என்று என்னிடம் நீ சொன்னதே கிடையாது. அந்த வார்த்தையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ பார்த்துவிட்டாய்.

அதனால் இதை எழுதத்தான் வேண்டும். உன் அக்காவுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன், அவள் மன்னிக்கட்டும்.

உடம்பு முழுசாக இருக்க வேண்டும் என்று எழுதினேனே, அது பாதிதான் உண்மை. 2021 செப்டம்பரில் மதுரை டாக்டர் அந்த மெழுகுக் கட்டியை வாங்கிவரச் சொல்லி, இன்னும் ஆழமாகச் சீவிப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, 2017லேயே குழாய் நுனியில் இருந்திருக்கிறதே என்றார். யாரும் ஆழமாக வெட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்டார். அடைக்கலம், “இல்லீங்க சார், நாங்கதான் அசட்டையா விட்டுட்டோம்” என்றாள். உன் பெயரைச் சொல்லவில்லை.

திண்டுக்கல் டாக்டர் அன்றைக்கே இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்கச் சொன்னதும், முடிந்தால் மறுபக்கத்தையும் எடுத்துவிடலாம் என்றதும் எனக்கும் நினைவிருக்கிறது. நீ தகட்டைப் பார்த்துவிட்டு, “சுத்தமா இருக்கு அத்தான், வேண்டவே வேண்டாம், இன்னொரு பக்கம் இருந்தாத்தான கொழந்தை” என்றாய். பன்னிரண்டு வருடம் காத்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? வீட்டில் படித்தவள் நீ ஒருத்தி. பஸ்ஸில் வரும்போதே அடைக்கலம் பெயர் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மதுரையிலிருந்து திரும்பும்போது அவள் பெருமாள்மலை தாண்டியதும் சொன்னாள்: “ஏங்க, இது பிரின்ஸி கையில கெடைச்சிறக் கூடாது. அவ தெரிஞ்சா செஞ்சா? என் மேல உள்ள ஆசையில சொன்னா. இதப் பாத்தான்னா அப்புறம் அந்தப் பூதக்கண்ணாடி முன்னால ஒக்காரவே மாட்டா. தூக்கியும் போட்டுறாதீங்க, என் ஒடம்புல கெடந்தது. நான் போகும்போது என்கூடவே வச்சிருங்க.”

அவளோடு பெட்டியிலேயே வைத்திருப்பேன். நீ அடக்கம் முடிகிறவரை அவள் தலைமாட்டை விட்டு நகரவில்லை. உன் கண் முன்னால் எப்படி வைப்பேன்? அதனால்தான் கல்லறைத் திருநாள்வரை காத்திருந்தேன்.

மதுரை டாக்டர் கொடுத்த காகிதம் டப்பாவுக்குள்தான் இருந்தது. உனக்கு அனுப்பும் முன் எடுத்துவிட்டேன். இப்போது இதோடு வைக்கிறேன்.

முருகேஸ்வரிக்கும் அதே நோய்தான். மூன்றாம் கட்டம் என்கிறார்கள். தோண்டியது தப்பா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். அவள் வீட்டைத் தாண்டிப் போகும்போது தப்பில்லை என்று தோன்றுகிறது. உன்னை நினைத்தால் தப்பு என்று தோன்றுகிறது. பதில் போடு, தாயே.

மரியசூசை

*

சென்னை
14 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமா? நான்கு மாதம் உங்களைத் தவிக்க விட்டுவிட்டேன். ஒவ்வொரு வாரமும் எழுத உட்கார்ந்து, அன்புள்ள அத்தானுக்கு என்பதோடு நிறுத்தினேன்.

பார்த்தேன். சுசித்ரா வீட்டுக்குப் போன பிறகு, விதியை மீறி, நானே பார்த்தேன். அவள் வரிசையாகச் சீவி வைத்திருந்தாள். முதல் இருபது தகடுகளில் ஒன்றும் இல்லை. நான் அன்று சொன்னது சரிதான் என்று அழுதேன், சந்தோஷத்தில். இருபத்து மூன்றாவதில் இருந்தது. எறும்புத் தலை அளவுகூட இராது. அன்று இன்னும் ஆழமாக வெட்டச் சொல்லி நான் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் போதும், அத்தான். ஒரு வரி. திண்டுக்கல் டாக்டர் சொன்ன அதே வரிதான். அக்காவுக்கு நல்ல செய்தி சொல்கிற ஆள் நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் முழுதாக உடைந்தேன். பதினோரு மாதம் அவளுக்குத் தெரியும். அந்தப் பதினோரு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணி, “அங்க பனி விழுகுதாடி, ஸ்வெட்டர் போட்டியா, நல்லாப் படி” என்று பேசினாள். நானும் ஆராய்ச்சிக் கதையெல்லாம் அளந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

ஜூலையில் டெல்லியில் நேர்காணல். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா மூன்றாம் எண்ணைக் காட்டிக் கேட்டார்: “2017இல் இதைப் பார்த்தவர் ஏன் ஆழமாக வெட்டவில்லை?” அது விண்ணப்பத்தில் இல்லாத கேள்வி. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “பார்த்தது நான்தான். அவள் என் அக்கா. விதியை மீறிப் பிப்ரவரியில் மறுபடியும் பார்த்தேன்” என்றேன். வெளியே வந்து சுசித்ராவிடம், நம் சோலி முடிந்தது, வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

போன புதன்கிழமை கடிதம் வந்தது. நிதி கொடுத்துவிட்டார்கள், ஐந்து வருடத்துக்கு. மூன்றாம் எண்ணைச் சுசித்ராவும் வெளி ஆள் ஒருவரும் மட்டுமே பார்க்க வேண்டும், நான் அதைத் தொடவே கூடாது என்று நிபந்தனை. சரியான நிபந்தனை. இந்தத் திட்டத்தை நம்பக் காரணமே மூன்றாம் எண்தான் என்றும் எழுதியிருக்கிறார்கள். சுசித்ரா கேக் வாங்கி வந்தாள். ஒரு துண்டு தின்றேன்.

அக்கா தப்புக் கணக்குப் போட்டுவிட்டாள். தெரிந்தால் இந்தக் கண்ணாடி முன்னால் உட்காரமாட்டேன் என்று நினைத்தாள். இரண்டு மாதம் உட்காரத்தான் இல்லை. இப்போது வேறெங்கும் உட்கார முடியவில்லை.

வேலைக்கு வேண்டிய தகடுகளை எடுத்தாகிவிட்டது. மிஞ்சியது விரல்நகம் அளவு மெழுகுதான். உறவினரிடம் திருப்பிக் கொடுக்க நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கி, சுசித்ரா அதை அந்த எவர்சில்வர் டப்பாவிலேயே வைத்து ஒட்டித் தந்தாள். நவம்பர் இரண்டாம் தேதி நான் கொண்டுவருகிறேன். முதலில் முருகேஸ்வரியைப் பார்க்க வேண்டும், அவளுக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டு வையுங்கள்.

குழிமேல் போட்ட பலகையை எடுக்காதீர்கள். இந்தத் தடவை நான் வைக்கிறேன். மண்ணையும் நானே தள்ளுகிறேன். நீங்கள் பக்கத்தில் நின்று, அக்கா திட்டாமல் விட்டதையெல்லாம் சேர்த்து என்னைத் திட்டுங்கள்.

உங்கள்
பிரின்ஸி